சோராபைக் கொல்லாதே!

ஈரானின் பழைய டீக்கடைகளில் ஓர் இரவுக்கு மட்டும் தனிப் பெயர் இருந்தது: ‘சோராப் கொஷி’, சோராபைக் கொல்லும் இரவு. நாள்கணக்கில் தவணை தவணையாகக் கதையை வளர்த்துவந்த கதைசொல்லி, மாவீரன் ருஸ்தம் தன் சொந்த மகன் என்று தெரியாமலே சோராபைக் குத்திச் சாய்க்கும் இடத்துக்கு அன்றைக்குத்தான் வந்து சேருவார். கடையில் நிற்க இடமிருக்காது. வந்திருக்கும் அத்தனை பேருக்கும் முடிவு தெரியும். அவர்களுடைய தாத்தாக்களுக்கும் தெரியும். அப்படியிருந்தும் கூட்டத்திலிருந்து யாராவது எழுந்துபோய்க் கதைசொல்லியின் கையில் பணத்தைத் திணித்து, இன்றைக்கு மட்டும் அவனைக் கொல்லாமல் விடுங்கள் என்று கெஞ்சுவது உண்டாம்.

ருஸ்தம், சோராப் என்ற பெயர்கள் பார்சி குடும்பங்கள் வழியாக நமக்கும் பழக்கமானவையே. ஜாம்ஷெட்பூருக்குப் பெயர் தந்த ஜாம்ஷெட்ஜி டாடாவின் பெயரில் இருப்பதும் பாரசீகப் புராண மன்னன் ஜம்ஷீத்தான். இவர்கள் எல்லோரும் வாழும் நூல் ஃபிர்தௌசியின் ‘ஷாநாமா’. கிழக்கு ஈரானின் தூஸ் நகரத்தருகே சுமார் 940இல் பிறந்த இந்தச் சிறு நிலக்கிழார், முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, ஏறக்குறைய 50,000 ஈரடிகளில் உலகத் தோற்றம் முதல் அரேபியர் வருகை வரையிலான அரசர் கதைகளைப் பாடி முடித்தார். முடித்த ஆண்டு 1010. அதே ஆண்டில்தான் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்குக் கலசம் கொடுத்தான்.

நூலை அவர் சமர்ப்பித்தது, நம் பாடப்புத்தகங்கள் படையெடுப்புக்காகவே நினைவில் வைத்திருக்கும் கஜினி முகமதுவுக்கு. பொன் கிடைக்கும் என்று காத்திருந்தவருக்கு வெள்ளிதான் வந்தது. வெறுத்துப்போனவர் அந்தப் பணத்தைக் குளியல்கூடக்காரனுக்கும் பானம் விற்றவனுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போனார். பல ஆண்டுகள் கழித்து மனம் மாறிய சுல்தான் அனுப்பிய அவுரிச் சுமை ஒட்டகங்கள் தூஸ் நகரத்தின் ஒரு வாசலில் நுழைந்தபோது, இன்னொரு வாசல் வழியாகக் கவிஞரின் சடலம் வெளியே போய்க்கொண்டிருந்தது. 12ஆம் நூற்றாண்டில் நிஸாமி அரூஸி எழுதிவைத்த கதை இது. இதை அப்படியே வரலாறு என்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனாலும் ஈரானியர்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அரண்மனையை நம்பி இந்த நூல் பிழைக்கவில்லை என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமிதம்.

அது முழு உண்மையும் அல்ல. மன்னர்களும் பிரதிகள் வைத்திருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஷா தஹ்மாஸ்புக்காகத் தயாரான பிரதியில் 258 ஓவியங்கள் உண்டு. உலகின் மிக அழகான புத்தகங்களில் ஒன்று அது. ஆனால் அரண்மனைப் பெட்டியில் இருந்த புத்தகத்தை எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பார்கள்? எழுதப் படிக்கத் தெரியாத கொல்லனுக்கும் கழுதைக்காரனுக்கும் ருஸ்தமைத் தெரிந்ததற்குக் காரணம், மாலையில் நாலு பேர் கூடிய இடங்கள்தாம்.

கைத்தடி ஒன்று போதும்

இந்தக் கதைசொல்லிக்கு ‘நக்கால்’ என்று பெயர். மரியாதையாக ‘மொர்ஷெத்’ என்பார்கள். கடைக்குப் பெயர் காபிக்கடை. உள்ளே போனால் கிடைப்பது டீ! சஃபாவித் மன்னர்கள் காலத்தில் காபியோடு வந்த பெயர், காபி போன பிறகும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மொர்ஷெத்தின் கையில் ஒரு கைத்தடி. அதுதான் வாள், அதுதான் ஈட்டி, அதுவே குதிரையின் கடிவாளம். வில்லை வளைக்கும் இடம் வந்தால் இடதுகை நீளும், வலதுகை காதுவரை இழுபடும், இல்லாத அம்பு கடைவாசலைத் தாண்டிப் பறக்கும். குரல் உரைநடையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று ஃபிர்தௌசியின் செய்யுளுக்குத் தாவும். உள்ளங்கைகள் ஓங்கித் தட்டும். கால் தரையை உதைக்கும். தூங்கி வழிபவன் எழுந்துவிடுவான். கதையின் எலும்புக்கூட்டை எழுதிவைத்த ஏடு ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கும். குருவிடமிருந்து சீடனுக்குப் போகிற சொத்து அது. இஸ்ஃபஹானில் புகழ்பெற்றிருந்த மொர்ஷெத் அப்பாஸ் ஸரீரியின் ஏட்டிலிருந்து ருஸ்தம்–சோராப் பகுதி மட்டும் அச்சானபோது கனத்த புத்தகமாக இருந்தது. மூலத்தில் அது ஆயிரம் ஈரடி அளவுள்ள கதைதான்.

வாள் ஓங்கிய இடத்தில் கதையை நிறுத்திவிட்டு மொர்ஷெத் தட்டை நீட்டுவார். சில்லறை விழுந்த பிறகுதான் வாள் இறங்கும். ‘தொடரும்’ போடும் கலை வாரப் பத்திரிகைகள் கண்டுபிடித்ததல்ல.

வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது. கடைகளில் மொர்ஷெத் நின்ற இடத்தைப் பெட்டி பிடித்துக்கொண்டது. 2011இல் யுனெஸ்கோ இந்தக் கலையை, உடனடியாகக் காப்பாற்றப்பட வேண்டியவை என்ற பட்டியலில் சேர்த்தது. பெரும் புகழோடு இருந்த மொர்ஷெத் வலியுல்லா தொராபி 2013இல் காலமானார். ஆண்கள் மட்டுமே நின்ற இந்த இடத்தில் ஃபாத்திமே ஹபீபிஸாத் என்ற பெண் துணிந்து ஏறினார். அவர் தனக்கு வைத்துக்கொண்ட மேடைப் பெயர் கொர்தாஃபரீத். சோராபோடு கவசமணிந்து மோதி, தலைக்கவசம் கழன்று கூந்தல் சரிந்தபோதுதான் பெண் என்று தெரியவந்த, அதற்குப் பிறகும் அவனை ஏமாற்றிக் கோட்டைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்ட ஷாநாமா வீராங்கனையின் பெயர் அது. இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

குற்றவாளி யார்?

டீக்கடை தேய்ந்தாலும் கூடுவது நிற்கவில்லை. ‘தவ்ரே’ என்று ஒரு வழக்கம் ஈரானிய நகரங்களில் நெடுநாளாக உண்டு. பத்துப் பதினைந்து நண்பர்கள் வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் கூடுவார்கள். சிலருடைய தவ்ரேயில் அரசியல், சிலருடையதில் சீட்டாட்டம், சிலருடையதில் ஹாஃபிஸ் கவிதை. ஷாநாமாவைப் பக்கம் பக்கமாக வாசித்து வாதாடும் வட்டங்கள் இந்த மரபில் வந்தவை. ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் இடைமறிப்பார்கள். இடைமறிப்பதுதான் முக்கியம்.

சோராப் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காணாமல்போன குதிரையைத் தேடி சமங்கான் நகருக்குப் போன ருஸ்தம், அந்த ஊர் அரசன் மகள் தஹ்மீனேயை மணந்து, மறுநாளே கிளம்பிவிடுகிறான். பிள்ளை பிறந்தால் கையில் கட்டு என்று ஒரு மணியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். வளர்ந்த மகன் அப்பனைத் தேடி, எதிரி நாடான துரானின் படையோடு வருகிறான். இருவரும் சந்தித்துக்கொள்ளக் கூடாது என்று துரான் மன்னன் அஃப்ராசியாப் ஏற்பாடு செய்கிறான். அப்பா எந்தக் கூடாரத்தில் இருக்கிறார் என்று சோராப் கேட்கும்போது, கைதியாக நிற்கும் ஈரானிய வீரன் ஹஜீர் தெரிந்தே மறைக்கிறான். மல்யுத்தத்தில் மகன்தான் முதலில் வீழ்த்துகிறான். முதல் வீழ்ச்சியிலேயே கொல்வது எங்கள் வழக்கமில்லை என்று ருஸ்தம் புளுகித் தப்பிக்கிறான். அடுத்த முறை தனக்கு வாய்ப்பு வந்ததும் ஒரு கணம்கூடத் தாமதிக்காமல் குத்திவிடுகிறான். சாகும் தறுவாயில் ‘என் அப்பன் ருஸ்தம் உன்னைச் சும்மா விடமாட்டான்’ என்கிறான் பையன். கவசத்தை அவிழ்த்தால் கையில் மணி. காயத்தை ஆற்றும் மருந்து மன்னன் காவூஸிடம் இருக்கிறது. அப்பனும் மகனும் சேர்ந்தால் என் சிம்மாசனம் என்னாவது என்று அவன் தர மறுக்கிறான்.

குற்றவாளி யார்? பேரைச் சொல்லாத தந்தையா, பொய் சொன்ன கைதியா, பிரித்து வைத்த எதிரியா, மருந்தைப் பதுக்கிய சொந்த அரசனா? ஒரு பட்டிமன்றத்துக்குத் தாராளமாகப் போதும். ஃபிர்தௌசி தீர்ப்புச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். ருஸ்தம்–எஸ்ஃபந்தியார் கதையில் முடிச்சு இன்னும் இறுக்கம். ருஸ்தமைக் கட்டி இழுத்து வா என்று இளவரசன் எஸ்ஃபந்தியாருக்குத் தந்தையின் கட்டளை. மகன் அங்கே செத்துப்போவான் என்று தெரிந்தே அனுப்புகிறான் அந்தத் தந்தை. கை நீட்டி விலங்கு வாங்கினால் ருஸ்தமின் மானம் போகும், நீட்டாவிட்டால் போர். இருவரும் நல்லவர்கள், இருவர் பக்கமும் நியாயம். அரசாணைக்குக் கீழ்ப்படிவதா, தன்மானமா என்ற இந்தக் கேள்வியைப் பிரித்து எழுதியவர் ஷாரொக் மெஸ்கூப். ஷா ஆட்சியில் சிறையிலிருந்த இந்த எழுத்தாளர் 2005இல் பாரிஸில் இறந்தார். ஷாநாமா இளவரசன் சியாவஷைப் பற்றிய அவருடைய ‘சியாவஷின் துக்கம்’ நூல் 1971இல் வந்தது. புராணத்தை மன்னர் புகழாக அல்லாமல் மனிதரின் நெருக்கடியாக வாசிக்க ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவர் அவர் என்பேன்.

மாலைக் கூட்டங்களின் தலைநகரம்

1977 அக்டோபரில் தெஹ்ரானில் ஈரானிய எழுத்தாளர் சங்கமும் ஜெர்மனியின் கோத்தே நிறுவனமும் சேர்ந்து தொடர்ந்து பத்து இரவுகள் கவிதை, உரைக் கூட்டங்கள் நடத்தின. ஆயிரக்கணக்கானோர் வந்து தோட்டத்தில் உட்கார்ந்தார்கள். மழையிலும் எழுந்து போகவில்லை. பதினாறு மாதத்தில் மன்னராட்சி கவிழ்ந்தது. கூட்டத்தால் கவிழ்ந்தது என்று சொல்வது மிகை. ஆனால் பேசப் பயந்த ஊர் முதலில் வாய் திறந்தது அங்கேதான் என்று இன்றுவரை நினைவுகூர்கிறார்கள்.

இன்றைய தெஹ்ரானில் இந்த மரபின் முகம் அலி தெஹ்பாஷி. 1998 முதல் ‘புகாரா’ என்ற பத்திரிகையை நடத்துபவர். பத்திரிகையின் பெயரிலேயே அவர் நடத்தும் ‘புகாரா இரவுகள்’ நூற்றுக்கணக்கைத் தாண்டிவிட்டன. ஓர் இரவு ஓர் ஆளுமைக்கு: ஓர் ஈரானிய வரலாற்றாசிரியர், ஒரு பழைய கையெழுத்துப் பிரதி ஆய்வாளர், சில சமயம் உம்பெர்த்தோ எக்கோ போன்ற அயல்நாட்டு எழுத்தாளர். மஹ்மூத் அஃப்ஷார் என்ற செல்வந்தர் பாரசீக மொழிக்கும் ஈரானிய வரலாற்றுக்குமென்று எழுதிவைத்த அறக்கட்டளையின் வளாகத்தில் பல இரவுகள் நடந்திருக்கின்றன. அரசு மேடை கிடைக்காத அறிஞர்களுக்கு இவை மேடை. நுட்பமான கட்டுரைகளைப் பொதுமக்கள் முன் வாசிக்க வைப்பதும், அதைக் கேட்கக் கூட்டம் வருவதும் சாதாரண விஷயமல்ல.

அரக்கனுக்காக வாதாடிய கவிஞர்

இத்தகைய மாலைகளில் மிகப் பெரிய ரகளையைக் கிளப்பியது எது என்றால், ஈரானுக்கு வெளியே நடந்த ஒன்று. 1990 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கவிஞர் அகமத் ஷாம்லூ பேசினார். நவீனப் பாரசீகக் கவிதையின் பெரும் பெயர். அன்று அவர் பேசியது அரக்க மன்னன் ஸஹாக்குக்கு ஆதரவாக.

கதை இதுதான். ஸஹாக்கின் தோள்களில் சைத்தான் முத்தமிட்ட இடத்தில் இரண்டு பாம்புகள் முளைக்கின்றன. தினம் இரண்டு இளைஞர்களின் மூளை அவற்றுக்கு உணவு. நல்ல மனம்கொண்ட இரண்டு பேர் சமையல்காரர்களாக அரண்மனைக்குள் நுழைந்து, ஆட்டு மூளையைக் கலந்து தினம் ஓர் உயிரைத் தப்ப வைக்கிறார்கள். தன் முடிவு நெருங்குவதாகக் கனவு கண்ட ஸஹாக், பெரிய மனிதர்களைக் கூட்டி, ‘இந்த அரசன் நன்மையைத் தவிர வேறெதையும் விதைத்ததில்லை’ என்று சான்றிதழ் எழுதிக் கையெழுத்து வாங்குகிறான். எல்லோரும் போடுகிறார்கள். அந்த நேரம் பார்த்துக் காவே என்ற கொல்லன் உள்ளே புகுந்து, என் பிள்ளைகளையெல்லாம் தின்றீர்கள், கடைசி ஒருவனையாவது விடுங்கள் என்று கத்துகிறான். மகனைத் திருப்பிக் கொடுத்த ஸஹாக், அப்படியே நீயும் ஒரு கையெழுத்துப் போடு என்கிறான். காவே சான்றிதழைப் படிக்கிறான், கிழித்துக் காலில் மிதிக்கிறான். தன் தோல் மேலாடையைக் கழற்றி ஈட்டியில் மாட்டித் தெருவில் இறங்குகிறான். அது கொடியாகிறது. ஃபரீதுன் என்ற இளவரசன் வந்து ஸஹாக்கைப் பிடித்து தமாவந்த் மலையில் கட்டிவைக்கிறான். கொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

ஷாம்லூ கதையைத் தலைகீழாக்கினார். மக்களை நான்கு வகுப்புகளாகப் பிரித்தவன், ஸஹாக்குக்கு முன் ஆண்ட ஜம்ஷீத். அந்த அடுக்கை உடைத்த கலகக்காரன் ஸஹாக். மேல்தட்டு நிலக்கிழாரான ஃபிர்தௌசி அவனை அரக்கனாக்கிவிட்டார். காவே பழைய ஆட்சியைத் திரும்பக் கொண்டுவந்தவன். ஈரானிலும் வெளியிலும் கொதித்துப்போனார்கள். மறுப்புக் கட்டுரைகள் குவிந்தன, புத்தகங்கள் வந்தன. ‘இராவண காவியம்’ பிறந்த மண்ணில் இருக்கும் நமக்கு இந்தச் சண்டையின் வாசனை நன்றாகவே தெரியும்.

ஷாம்லூவின் வாதத்துக்கு நூலுக்குள் ஆதாரம் குறைவு என்றே எனக்குப் படுகிறது. அந்தச் சான்றிதழ்க் காட்சியை எழுதியவரை ஆள்பவர்களின் ஆள் என்று சொல்வது கடினம். ஆனால் அந்த மாலைக்குப் பிறகு எத்தனை பேர் ஷாநாமாவை மறுபடி எடுத்துப் புரட்டியிருப்பார்கள்! 2022இல் மஹ்சா அமினி என்ற இளம்பெண் போலீஸ் காவலில் இறந்த பிறகு தெருவில் இறங்கிய இளைஞர்கள் நாட்டின் உச்சத் தலைவரை ஸஹாக் என்று அழைத்துக் கோஷமிட்டார்கள். யாரும் அவர்களுக்கு அடிக்குறிப்பு எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

சைரஸ் எங்கே?

வரலாற்றுக் கூட்டங்களில் புதிதாக வருபவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். 50,000 ஈரடி கொண்ட ஷாநாமாவில் சைரஸ் இல்லை. டேரியஸின் கடைசி வாரிசு ‘தாரா’ என்ற பெயரில் தலைகாட்டுகிறான், அவ்வளவுதான். உலகின் முதல் பெரும் பேரரசுகளில் ஒன்றைக் கட்டியவர்களை அவர்களுடைய மண்ணே மறந்துவிட்டிருந்தது. டேரியஸ் கட்டிய பெர்சிபோலிஸை மக்கள் இன்றும் ‘ஜம்ஷீதின் சிம்மாசனம்’ என்கிறார்கள். பசார்கதேயில் இருக்கும் சைரஸின் கல்லறையைச் ‘சுலைமானின் தாயார் கல்லறை’ என்று நூற்றாண்டுகளாக வணங்கினார்கள். ஆப்பெழுத்துக் கல்வெட்டுகளை 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் படித்துச் சொன்ன பிறகு, கிரேக்க நூல்களையும் வைத்துக்கொண்டுதான் சைரஸை ஈரானியர்கள் திரும்பப் பெற்றார்கள்.

திரும்பப் பெற்றவரை இப்போது தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். 1879இல் பாபிலோனில் கிடைத்த சைரஸின் களிமண் உருளை, லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து 2010இல் தெஹ்ரானுக்குக் கடனாக வந்தபோது கூட்டம் அலைமோதியது. அதில் இருப்பது பாபிலோனின் கடவுள் மர்துக் தன்னைத் தேர்ந்தெடுத்ததாக ஒரு வெற்றி வேந்தன் செய்துகொள்ளும் அறிவிப்பு. அடிமை ஒழிப்பு, மதச் சுதந்திரம், விருப்பமில்லாதவரை ஆளமாட்டேன் என்றெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும் ‘மொழிபெயர்ப்பு’ போலி. ‘உலகின் முதல் மனித உரிமைச் சாசனம்’ என்ற பட்டத்தை 1970களில் ஷா அரசு பரப்பியது. ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்தில் அதன் நகல் ஒன்று இருப்பதும் அதனால்தான்.

ஷாநாமாவுக்கும் இதே நோய் உண்டு. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தேதியிட்ட பிரதி 1217ஆம் ஆண்டுக்குரியது. ஃபிர்தௌசிக்கு இரண்டு நூற்றாண்டு பிந்தையது. அதிலும் பாதி நூல்தான். ஃபுளோரன்ஸ் நூலகத்தில் ஒரு குர்ஆன் விளக்க நூல் என்று பதிவாகிக் கிடந்த அதை 1977இல் ஓர் இத்தாலிய அறிஞர் அடையாளம் கண்டார். பிரதிகளை வரிவரியாக ஒப்பிட்டு ஜலால் காலேகி மொத்லக் உருவாக்கிய பதிப்பு 1988 முதல் 2008 வரை எட்டுத் தொகுதிகளாக நியூயார்க்கில் வெளிவந்தது. எல்லோருக்கும் மனப்பாடமான சில வரிகள், பெண்களை இழிவுபடுத்தும் ஒரு பிரபலமான ஈரடி உட்பட, ஃபிர்தௌசியுடையவை அல்ல, பின்னால் யாரோ செருகியவை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. நல்ல கூட்டம் எது, வெறும் புகழ்ச்சிக் கூட்டம் எது என்று கண்டுபிடிக்க ஒரே சோதனைதான்: ‘இந்த வரி எந்தப் பிரதியில் இருக்கிறது?’ என்று யாராவது கேட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தேசபக்தி இல்லையா உனக்கு என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொள்ளலாம்.

மாதுளை இரவு

1979க்குப் பிறகு லட்சக்கணக்கில் வெளியேறிய ஈரானியர்கள், லாஸ் ஏஞ்சலஸிலும் டொரொன்டோவிலும் லண்டனிலும் இந்த மாலைகளைத் தொடர்கிறார்கள். நாடக மேதை பஹ்ராம் பெய்ஸாயி 2010இல் ஸ்டான்ஃபோர்டுக்குப் போன பிறகு அங்கே நடத்திய வகுப்புகளும் நாடக வாசிப்புகளும் பழம் புராணங்களுக்குப் புதுப் பார்வையாளர்களைத் தேடித்தந்தன. டொரொன்டோவின் ‘தீர்கான்’ விழாவின் பெயர், எல்லைக் கோட்டை முடிவுசெய்யத் தன் உயிரையே அம்பில் ஏற்றி எய்து மாண்ட ஆரஷின் கதையோடு சேர்ந்தது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குப் பாரசீக எழுத்து படிக்க வராது. பாதி ஆங்கிலம், பாதி பாரசீகம் என்று ஓடும் இந்தக் கூட்டங்களில் கேள்விகள் கூர்மையாக வருவது பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான். ‘மகனைக் கொன்றவன் எப்படி ஹீரோ?’ என்று கேட்கும் பிள்ளையைச் சமாளிப்பது பேராசிரியருக்கும் கஷ்டம்.

ஆப்கானியர்கள் வந்து உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். சமங்கான் எங்கள் நாட்டில் இருக்கிறது, ருஸ்தமின் தாய் ருதாபே காபூல் அரசன் மகள், ருஸ்தமின் ஊரான ஸாபுலிஸ்தானில் பெரும்பகுதி எங்களுடையது, பிறகு இது எப்படி ஈரானின் தேசியக் காப்பியம் மட்டும் ஆகும் என்பார்கள். தாஜிக்குகளும் சேர்ந்துகொள்வார்கள். மூவருடைய வாதமும் சரி. இன்றைய எல்லைகள் எதையும் ஃபிர்தௌசி பார்த்ததில்லை.

ஆண்டில் ஓர் இரவுக்கு அழைப்பிதழ் தேவையில்லை. டிசம்பர் 20 அல்லது 21, வருடத்தின் மிக நீண்ட இரவான யல்தா. மாதுளையும் தர்பூசணியும் உலர்ந்த கொட்டைகளும் மேசையில் இருக்கும். பழைய வீடுகளில் நெருப்புச் சட்டியை அடியில் வைத்துப் போர்வை போர்த்திய தாழ்ந்த மேசைக்குள் எல்லோரும் காலை நீட்டிக்கொள்வார்கள். மூத்தவர் ஹாஃபிஸின் கவிதைத் தொகுப்பைக் கண்மூடித் திறந்து ஒவ்வொருவருக்கும் பலன் சொல்வார், பிறகு ஷாநாமா. ஈரானும் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து முன்மொழிந்த இந்த இரவை 2022இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் ஏற்றது. அங்காவது இரண்டு நாடுகளும் ஒரே தாளில் கையெழுத்திட்டன.

பாரசீகத்தின் உமர் கய்யாமைக் கவிமணி தமிழுக்குக் கொண்டுவந்தார். ஃபிர்தௌசி அந்த அளவுக்கு நம்மிடையே புழங்கவில்லை. ஆங்கிலத்தில் படிக்க விரும்புபவர்களுக்கு டிக் டேவிஸின் மொழிபெயர்ப்பு ஒரே தொகுதியாகக் கிடைக்கிறது. பெரும்பகுதி உரைநடை, இடையிடையே செய்யுள். முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம், பொறுமை போய்விடும். சோராப் கதையிலிருந்து தொடங்குங்கள். தனியாகப் படிக்காமல் நாலு பேரைக் கூப்பிட்டு உரக்கப் படியுங்கள். குறைந்தது ஒருவராவது காவூஸுக்காக வாதாடட்டும்.